பிரட்டுக்கும் பாடசாலை மணிக்கும் நடுவே

கால் நூற்றாண்டுக்கு முன்னர் நான் எழுதிய கட்டுரை ஒன்றின் பத்திரிகைத் துண்டு இன்னமும் என் கோப்பில் இருக்கிறது. பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றன என்பதை ஆராய்வதாகச் சொல்லிக்கொள்ளும் கட்டுரை அது. கட்டடக் குறைவு, ஆசிரியர் பற்றாக்குறை, பாதை வசதியின்மை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போய், கடைசிப் பந்தியில் ஒரு தீர்ப்பை எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் படிப்பில் தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லாமையே எல்லாவற்றுக்கும் அடிப்படைக் காரணம் என்பதே அந்தத் தீர்ப்பு. அதை எங்கிருந்து பெற்றேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கல்வி அதிகாரி ஒருவர் சொன்னார். தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் ஆமோதித்தார். நான் எழுதினேன். ஒரு தாயிடமோ தந்தையிடமோ கேட்டு எழுதியதல்ல அது.

அந்த வாக்கியம் பிழையானது என்பதை நான் உணர்ந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை. அன்று காலை ஏழரை மணியைத் தாண்டிய வேளையில் கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. செய்தி கொழும்புக்கு வந்தபோது எண்ணிக்கை மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தது. நூறு பேர் என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் சொன்னார்கள். இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் என்று அரச தரப்பு பின்னர் கணக்கை முடித்தது. அவர்களில் பலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த மண்மேடே அவர்களுக்குப் புதைகுழியாயிற்று.

எண்கள் மாறிக்கொண்டிருந்த அந்த நாளில் ஒரு விடயம் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளில் பலர் தப்பிவிட்டார்கள். அவர்கள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள் என்பதே அது. செய்தி ஆசிரியர்கள் எல்லோரையும்போல நானும் அதை அதிர்ஷ்டம் என்றே முதலில் எழுதினேன். இரவு வீட்டுக்குப் போன பின்னர்தான் அது உறுத்தத் தொடங்கியது. காலை ஏழரைக்குப் பிள்ளை பாடசாலையில் நிற்க வேண்டுமானால், அதற்கு முன்னர் அந்த லயத்துக் காம்பராவில் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்? இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ரொட்டி தட்ட வேண்டும். வெள்ளைச் சீருடை துவைத்து, மழைக்காலத்தில் அடுப்புச் சூட்டில் காயப்போட்டு எடுத்திருக்க வேண்டும். தாய் தானும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓட வேண்டிய அந்த நேரத்தில், பிள்ளையின் தலையை வாரி ஒற்றையடிப் பாதையில் இறக்கிவிட்டிருக்க வேண்டும். அதுவும் ஒக்டோபர் மாத மழையில். அன்று காலையில் அந்தப் பிள்ளைகள் உயிரோடிருந்ததற்கு உடனடிக் காரணம், யாரோ ஒருவர் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவைத்ததுதான். அக்கறை இல்லாதவர்கள் என்று நான் எழுதியது இவர்களைப் பற்றித்தான்.

அன்றிலிருந்து, கிடைத்த நேரத்திலெல்லாம், இந்த "அக்கறையின்மை" என்ற சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்துவருகிறேன். அதன் சுருக்கமே இந்தப் பதிவு.

கொஸ்லந்தையை அறியாத வாசகர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகச் செல்லும் பெருந்தெரு பெரகலைச் சந்தியில் மலையின் விளிம்பைத் தொட்டுவிட்டு, வெல்லவாயவை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் உள்ள சிறு நகரம்தான் கொஸ்லந்தை. சற்றுத் தள்ளி, 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணாந்து பார்த்தால் பூனாகலை, மீரியபெத்த, மாக்கல்தெனிய என்று தோட்டங்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மலையின் மறுபக்கம் ஹப்புத்தளை. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. புகைவண்டி ஹப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளையைத் தொட 1924 ஆயிற்று. தேயிலைப் பெட்டியை இறக்குவதற்காக வந்த பாதை அது. ஆட்களும் அதிலேயே ஏறி வந்தார்கள்.

வந்தவர்கள் தனியாக வரவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் வந்தார்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே கங்காணிமார் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்குத் தேவைப்பட்டது குடும்பத்தின் முழு உழைப்பு. தந்தைக்குக் கவ்வாத்தும் கான்வெட்டும், தாய்க்குக் கொழுந்து, பிள்ளைக்குச் சில்லறை வேலை என்று வகுத்திருந்தார்கள். செக்ரோலில் மூவருக்கும் மூன்று விதமான கூலி இருந்தது. வீட்டையும் தோட்டமே கொடுத்தது. அரிசியையும் தோட்டமே கொடுத்துக் கூலியில் கழித்தது. பிறப்பும் இறப்பும்கூடத் துரையின் ஒப்பத்தோடுதான் பதிவாகின. இப்படிப்பட்ட ஓரிடத்தில் பிள்ளை வளர்ப்பு என்பது தாய் தந்தையர் தாமாக முடிவுசெய்யும் காரியமாக இருக்கவில்லை.

ஒரு நாளின் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் தப்பு ஒலிக்கும், பின்னாளில் சங்கு ஊதும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். பிரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்று பேர் கிடையாது. பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். வேலைக்குப் போக முடியாத மூதாட்டி ஒருத்தி அங்கே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து போவார்கள். பிள்ளைக்காம்பரா இல்லாத தோட்டத்திலும், இருந்தும் அதை நம்ப முடியாத தோட்டத்திலும் என்ன நடக்கும்? மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்பாள். எட்டு வயது அக்காள் எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்திருப்பாள். அன்றோடு அவளுடைய படிப்பு முடிந்தது. மலையகத்தில் பெண்கல்வியின் பின்னடைவைப் பற்றிப் பேசுவோர் அதைப் பாடசாலையில் தேடுகிறார்கள். அது தொடங்கிய இடம் தொட்டில் என்பதே என் துணிபு.

பாடசாலை எப்போது வந்தது? ஆரம்பத்தில் மிஷனரிமார் சில தோட்டங்களில் நடத்தினார்கள். கங்காணிமாரும் லயத்துக் கோடியில் ஒரு வாத்தியாரை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். 1905இல் வேஸ் தலைமையிலான ஆணைக்குழு ஆரம்பக் கல்வியைப் பற்றி அறிக்கை தந்தது. 1907இல் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தருவது தோட்டத் துரையின் பொறுப்பு என்று அச்சட்டம் கூறியது. சொன்னதோடு சரி. கண்டிப்புடன் நிறைவேற்றும் ஏற்பாடு அதில் போதியதாக இருக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஓரடி முன்னே போயிற்று. பத்து வயது நிரம்பாத பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன்னர் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது.

அந்தப் பத்து மணியைச் சற்று யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்கு முன்னர் பிள்ளை பாடசாலைக்குச் சொந்தம், பத்து மணிக்குப் பின்னர் தோட்டத்துக்குச் சொந்தம். சட்டம் இப்படி ஒரு கோடு கிழித்தது. பெற்றோருக்கு எந்த நேரம் என்று அதில் எங்கும் இல்லை. ஏனெனில் அவர்கள் அதிகாலையிலேயே மலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆள் கிடையாது. வரவு குறைந்தபோது பரிசோதகர்களும் துரைமாரும் சொன்ன காரணமோ பெற்றோரின் அசிரத்தை. நான் எழுதிய வாக்கியத்தின் பூர்விகம் இதுதான். நூறு வருடப் பழைய ஒரு சாட்டை நான் புதிய கண்டுபிடிப்பாக எழுதியிருந்தேன்.

அடுத்து 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்படி 1929இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, உயர்ந்த மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரு வீட்டில் தந்தையும் தாயும் பத்து வயது கடந்த ஒரு மகனும் உழைத்தால் நாளுக்கு ஒரு ரூபாய் 29 சதம். மகனைப் பள்ளியில் வைத்திருந்தால் 97 சதம். அதாவது அந்தப் பையன் படிக்கும் ஒவ்வொரு நாளும் குடும்ப வருமானத்தில் காற்பங்கு குறைகிறது. சட்டம் பள்ளிப் படிப்பைப் பத்து வயதோடு முடித்தது. பிள்ளைக் கூலியைப் பத்து வயதில் தொடங்கிவைத்தது. இரண்டும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன! தோட்ட எல்லைக்கு வெளியே சட்டம் ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதுவரை கல்வி என்று பேசிய காலம் அது. எல்லைக்குள்ளே பத்து.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டும் பிள்ளையைத் தொடர்ந்து படிக்கவைத்த பெற்றோர் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் புள்ளிவிபரம் கிடையாது. ஆனால் அவர்கள் இல்லாமல் மலையகத்தில் ஓர் ஆசிரியரோ, ஒரு தொழிற்சங்கத் தலைவரோ, ஒரு கவிஞரோ தோன்றியிருக்க முடியாது. ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் ஒரே வாத்தியார் நடத்திய பள்ளிகள் அவை. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். ஆகவே அவரும் ஒரு வகையில் துரையின் ஆள்தான். தோட்டக் கந்தோருக்குக் கடிதம் கொண்டுபோவதும், கணக்கெழுத உதவுவதும் அவர் வேலை. ஆனாலும், இரவில் லாம்பு வெளிச்சத்தில் பெரியவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவரும், ஊருக்குப் பதில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. எழுத்தறிவின் பயனை அந்த மக்கள் கண்ணால் கண்டது அங்கேதான். கையெழுத்து வைக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம் என்பதை, பற்றுக் கணக்கில் ஏமாந்தவர்களைவிட யார் நன்றாக அறிவார்?

இலங்கைக் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்படும் ஆண்டு 1945. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளையும் அரசு ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 1947இல் சட்டமாயிற்று. அதே ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களில் பதுளைத் தொகுதியின் எஸ்.எம். சுப்பையாவும், பண்டாரவளைத் தொகுதியின் கே.வி. நடராஜாவும் ஊவாவைச் சேர்ந்தவர்கள். பாடசாலையும் வாக்குச்சீட்டும் ஒரே நேரத்தில் கைக்கெட்டிய காலம் அது என்று சொல்லலாம்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. பாராளுமன்றத்தில் ஆள் இல்லாத மக்களுக்குப் பாடசாலை கட்டிக்கொடுக்க எந்த அமைச்சருக்கு அவசரம்? மிகச் சில பள்ளிகள் போக, ஏனையவை துரைமாரிடமே தங்கின. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகள் உயர்தரம்வரை இலவசமாகப் படித்து, பல்கலைக்கழகம் புகுந்து, உத்தியோகம் பெற்ற அந்த முப்பது ஆண்டுகளில், லயத்துப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் நகரத்துக்குப் போக வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். அல்லது நகரத்தில் தங்க ஒரு உறவினர் வீடு வேண்டும்.

குடும்ப வாழ்வை இந்தச் சட்டங்கள் வேறொரு வகையிலும் துளைத்தன. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் குடியுரிமை கோரியவர், திருமணமானவராயின் ஏழு ஆண்டும், திருமணமாகாதவராயின் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் தொடர்ந்து இங்கேயே வாழ்ந்தார்களா என்பதும் ஆராயப்பட்டது. தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லையே என்று, மகனை ஊரிலுள்ள அப்பாயி வீட்டில் விட்டுப் படிக்கவைத்த தகப்பனின் நிலையை நினைத்துப் பாருங்கள். மகனுடைய கல்வியே தகப்பனுடைய விண்ணப்பத்துக்கு எதிர்ச்சாட்சியாகிவிடும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே.

மிகுதிப் பேரைக் கொழும்பும் தில்லியும் 1964இல் பங்கிட்டுக்கொண்டன. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் வயதுவந்த அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும், தம்பிக்கு இலங்கைப் பதிவுமாகக் குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று அழைத்தார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவாண்டில் அறுந்தது. கடவுச்சீட்டு எப்போது வரும் என்று தெரியாத வீட்டில், அடுத்த வகுப்புக்குப் புத்தகம் வாங்குவதா வேண்டாமா என்பதே கேள்வியாயிற்று. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் மீண்டும் தேயிலைச் செடிக்கு நடுவிலேயே குடியேறிய குடும்பங்கள் பல. தமிழ்நாட்டு வாசகர்கள் அங்கே "சிலோன்காரர்" என்று சொல்லப்படுவோரைக் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய பள்ளிப் பதிவேடுகளின் முதல் பக்கம் எங்கள் மலைகளில் கிடக்கிறது.

எழுபதுகள் வேறு ஒரு துயரத்தைக் கொண்டுவந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கிழங்கு தேடி அலைந்த பிள்ளைகளிடம் வரவுப் பதிவைப் பற்றி யார் கேட்பது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் தொடர்ச்சியாக, எழுபதுகளின் பிற்பகுதியில், தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எண்பதுகளின் நடுவிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவாயிற்று. மலையக இளைஞர்களும் யுவதிகளும் ஆயிரக்கணக்கில் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள்.

கதவு திறந்ததும் நடந்ததென்ன? பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். வகுப்பறைகள் போதவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லாத சமூகத்தில் இது எப்படி நடந்தது? பள்ளியை அருகில் வைத்தார்கள், தங்கள் மொழியில் பேசும், தங்கள் லயத்திலிருந்தே போன ஆசிரியரை அனுப்பினார்கள், பிள்ளைகள் வந்தார்கள். அவ்வளவுதான். நான் அந்தக் கட்டுரையை எழுதியபோது இது என் கண்ணெதிரிலேயே நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியலை மட்டும்.

கதவு திறந்த பின்னரும் குடும்பத்தின் மீதிருந்த சுமை இறங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டக் கூலியில் பிள்ளைகளை உயர்தரம்வரை கொண்டுபோக முடியாது என்று கண்ட தாய்மார் எண்பதுகளிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். மகளைப் படிக்கவைக்க வேண்டுமென்றே போன தாயின் வீட்டில், தாய் இல்லாததாலேயே மகளின் படிப்பு நின்றுபோன கதைகளை நான் பல தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். அம்மாயி பார்த்துக்கொண்ட வீடுகள் தப்பின. கொழும்பில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கட்டாயக் கல்விக்கான ஒழுங்குவிதிகள் 1998இல் ஐந்து முதல் பதினான்கு வயதுவரை என நடைமுறைக்கு வந்து, 2016இல் பதினாறு வயதாக உயர்த்தப்பட்டன. 1920இன் "பத்து வயது" எங்கே, இது எங்கே! ஆனால் சட்டம் உயர்ந்த வேகத்தில் கூலி உயரவில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் அந்த ஆயிரத்தின் பெறுமதி கரைந்தது.

மீண்டும் மீரியபெத்தவுக்கு வருகிறேன். அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று பலர் கேட்டார்கள். இந்தக் கேள்வியும் "அக்கறையின்மை" என்ற அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெளியேறி எங்கே போவது? நூற்றைம்பது ஆண்டு உழைத்த மண்ணில் ஒரு பேர்ச் காணி அவர்களுடைய பெயரில் கிடையாது. லயன் தோட்டத்துக்குச் சொந்தம். அதைவிட்டு இறங்கினால் வேலையும் போய்விடும். பெற்றோருடைய முடிவுக்கு உட்பட்ட ஒரே காரியம், காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதுதான். அதை அவர்கள் அன்றும் செய்தார்கள்.

மண் சரிந்த பின்னர் அந்தக் குடும்பங்கள் தஞ்சமடைந்ததும் பாடசாலைகளில்தான். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் முகாம்களாயின. சில நாட்களின் பின்னர் நான் அங்கு போனபோது வகுப்பறை மேசைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். கரும்பலகையில் அழிக்கப்படாத ஒரு கணக்கு அப்படியே கிடந்தது. அதற்குக் கீழே ஒரு தாய் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். நான் கேள்வி கேட்கு முன்னரே அவள் என்னிடம் கேட்டாள், "பள்ளிக்கூடம் எப்ப திரும்பத் தொறப்பாங்க ஐயா?" வீடு போயிருந்தது. உறவுகள் போயிருந்தன. அவள் கேட்டது அதை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அன்று என் செய்தியில் அதற்கு இடம் இருக்கவில்லை.

பாதிக்கப்பட்டோர் பின்னர் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். தேயிலை காய்ந்த தளங்களில் மறைப்புக் கட்டிப் பிள்ளைகள் படித்தார்கள். 75 வீடுகள் கட்டி முடித்துக் கையளிக்க 2016 ஒக்டோபர்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சென்றன. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலையில் மண் சரிந்தபோது மக்கள் ஓடியதும் பாடசாலைக்கே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவாவையும் மத்திய மலைநாட்டையும் சிதைத்தபோதும் அதுவே நிகழ்ந்தது. மழைக்காலம் வந்தால் மலையகத்துப் பாடசாலைக்கு இரண்டு வேலை. பிள்ளைகளின் வகுப்பறையாக இருப்பது ஒன்று, பெற்றோரின் கூரையாக இருப்பது மற்றொன்று. கூரையாக இருக்கும் நாட்களில் வகுப்பறையாக இருக்க முடிவதில்லை. அந்த நாட்களைக் கழித்துவிட்டு யாரும் பெறுபேறுகளைக் கணக்கிடுவதில்லை.

வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். தோட்டத்தின் நேரமும் பாடசாலையின் நேரமும் ஒன்றோடொன்று மோதும்படியே ஆரம்பம் முதல் அமைக்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே நின்று பிள்ளையைத் தள்ளிவிட வேண்டியிருந்தவர்கள் பெற்றோர். சில தலைமுறைகளில் முடியவில்லை. சில வீடுகளில் முடிந்தது. முடியாதபோது அதை அக்கறையின்மை என்றோம். முடிந்தபோது பிள்ளையின் கெட்டித்தனம் என்றோம். இரண்டிலும் தாய் தந்தையரின் கணக்கு விடுபட்டுப்போயிற்று.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடுவது வழக்கம். பெயர் பிழைத்தாலும் திகதி பிழைத்தாலும் போடுவோம். கால் நூற்றாண்டு தாமதமானாலும் இது அந்தத் திருத்தம். பதுளை மாவட்டத் தோட்டப் பாடசாலைகள் பற்றிய கட்டுரையின் கடைசிப் பந்தியில், பெற்றோரின் அக்கறையின்மையே அடிப்படைக் காரணம் என்று நான் எழுதியது தவறு. காலை ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பின்னால், இருட்டோடு எழுந்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் எழுதியமைக்கு வருந்துகிறேன்.